காதல் எங்கே என்று கேட்டவருக்கு: 'நேற்று என்ன சாப்பிட்டாய்?'

'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்ற ஜப்பானியத் தொடரைப் பற்றிய கேள்வி இது. நல்ல காதல் தொடர் என்று பலரும் சொன்னதால் கேட்டவர் இரண்டு பகுதிகள் பார்த்திருக்கிறார். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒருவர் சமைக்கிறார், மற்றவர் ரசித்துச் சாப்பிடுகிறார், ஒரு முத்தம்கூடக் காணோம். இதில் காதல் எங்கே இருக்கிறது, மேலே பார்க்கலாமா, விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

விட்டுவிடாதீர்கள். நான் இதை முழுதாக மூன்று முறை பார்த்திருக்கிறேன். நீங்கள் தேடும் காதல், பார்த்து முடித்த அந்த இரண்டு பகுதிகளிலேயே இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் பில்லிலும், பாத்திரம் கழுவும் நேரத்திலும், ஒருவரைப் பற்றி வெளியாட்களிடம் பேசலாமா கூடாதா என்ற சண்டையிலும் இருக்கிறது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. ஜப்பானிய மொழியில் பெயர் 'கினோ நானி தபெத்தா?'. யொஷினாகா ஃபுமி என்ற பெண் எழுத்தாளர் 2007 முதல் 'மார்னிங்' இதழில் வரைந்துவரும் மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, இது. 'மார்னிங்' என்பது வயது வந்த ஆண்களுக்கான பொதுவான வார இதழ். ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் கதைகளுக்கு ஜப்பானில் பிஎல் என்று தனி வகையே உண்டு, அதற்கென்று தனி இதழ்களும் வாசகிகளும் உண்டு. யொஷினாகாவும் அந்த வகையில் எழுதியவர்தான். ஆனால் இந்தக் கதையை அவர் ஆபீஸ் போய்வரும் ஆண்கள் ரயிலில் புரட்டும் இதழில் கொண்டுபோய் வைத்தார். அதனாலேயே கதையின் தொனி மாறிவிடுகிறது. நெஞ்சு படபடக்கும் முதல் சந்திப்பெல்லாம் இதில் பின்னால் போய்விடும். கதை தொடங்கும்போதே இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறார்கள்.

2019 ஏப்ரலில் டிவி டோக்கியோ இதைத் தொடராக்கியது. வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12.12 மணிக்கு ஒளிபரப்பு, மொத்தம் 12 பகுதிகள். நள்ளிரவில் சாப்பாட்டுத் தொடர் போடுவது அந்தச் சேனலுக்குப் பழக்கமான விஷயம். கடைகள் மூடிய நேரத்தில் ஆவி பறக்கும் சாதத்தைக் காட்டி வயிற்றைக் கிள்ளும் காட்சிகளுக்கு ஜப்பானியர்கள் 'மெஷி தெரோ' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 'சோற்றுப் பயங்கரவாதம்' என்று சொல்லலாம். திரைக்கதை அதாச்சி நாவோகோ.

வக்கீல் ககேய் ஷிரோவாக நிஷிஜிமா ஹிதெதோஷி நடிக்கிறார். 2021இல் வந்து ஆஸ்கர் வாங்கிய 'டிரைவ் மை கார்' படத்தில் வந்தவர் என்றால் பலருக்கு முகம் நினைவுக்கு வரும். சலூனில் முடி வெட்டும் யாபுகி கென்ஜியாக உச்சினோ செயோ. ஷிரோவுக்கு வயது 43, கென்ஜிக்கு 41. கென்ஜி எப்போதும் 'ஷிரோ-சான்' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஷிரோ வெறும் 'கென்ஜி' என்பார். இரண்டு வயது வித்தியாசத்துக்கு இவ்வளவா என்று முதலில் தோன்றும். போகப்போக அந்த 'சான்' மரியாதையைவிடக் கொஞ்சலாகவே காதில் விழ ஆரம்பித்துவிடும்.

சரி, சமையலுக்கு வருவோம். ஷிரோ சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஆபீசைவிட்டுக் கிளம்பிவிடுவார். கூடுதல் நேரம் உட்கார்ந்து பெரிய வக்கீலாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை. நேரே சூப்பர் மார்க்கெட். இன்று எது மலிவு என்று பார்த்து, அதை வைத்து மனசுக்குள்ளேயே இரவுச் சாப்பாட்டைத் தீர்மானிப்பார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென். அப்போதைய மதிப்பில் 15,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். டோக்கியோவில் நல்ல வேலையில் இருக்கும் இரண்டு பேருக்கு இது இழுத்துப் பிடித்த கணக்கு. ஒரு ராத்திரி கென்ஜி பக்கத்துக் கடையில் விலை உயர்ந்த ஐஸ்கிரீமை முழு விலை கொடுத்து வாங்கி வந்துவிடுவார். ஷிரோவின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

சமைக்கும்போது அவர் மனசுக்குள் பேசுவது நமக்குக் கேட்கும். சால்மன் மீன், கோபோ என்ற வேர், காளான் எல்லாம் போட்டு அரிசியோடு ஒன்றாக வேகவைக்கும் சாதம். அது குக்கரில் வெந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து அடுப்பில் கீரை. அது ஆறுவதற்குள் சூப். இது உப்பாக இருக்கிறது, அப்படியானால் அடுத்தது புளிப்பாக இருக்கட்டும், எண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். கென்ஜி வீட்டுக்குள் நுழையும் நேரத்துக்கு எல்லாம் மேசைக்கு வந்துவிடும். தினமும் வீட்டுச் சமையலைத் தலையில் சுமப்பவர்களுக்கு இந்த ஓட்டம் உடனே பிடிபடும்.

இவ்வளவு கணக்கு எதற்கு? இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஷிரோ கஞ்சன் என்று தொடர் முதலில் நம்மைச் சிரிக்க வைக்கும். காரணம் மெதுவாகத்தான் தெரியவரும். தனக்குப் பிள்ளை இல்லை, வயதான காலத்தில் பார்த்துக்கொள்ள யாரும் வரப்போவதில்லை, அதனால் இப்போதே சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவருடைய பயம். சாப்பாட்டில் எண்ணெயும் உப்பும் குறைப்பதும் அதே பயத்தின் இன்னொரு பக்கம்தான். உடம்பு கெட்டால் தாங்குவதற்கு இருவருக்கும் ஒருவரை ஒருவர் தவிர ஆள் கிடையாது. தள்ளுபடி விலையில் காய் பொறுக்கும் அந்தக் கை, இருபது முப்பது வருடம் தள்ளி இருக்கும் இரண்டு கிழவர்களுக்காகப் பொறுக்குகிறது. அது தெரிந்த பிறகு முதல் பகுதியைத் திரும்பப் பார்த்தேன். ஒரு காட்சிகூட முன்பு பார்த்தது போல இல்லை.

இப்போது அந்தச் சண்டை. முதல் பகுதியில் வருவது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஷிரோ ஆபீசில் யாரிடமும் தன்னைப் பற்றிச் சொல்லாதவர். கென்ஜி நேர்மாறு. சலூனில் எல்லாருக்கும் தெரியும். தன் காதலர் ஒரு வக்கீல் என்று கென்ஜி வாடிக்கையாளரிடம் சொல்லியிருப்பது ஷிரோவுக்குத் தெரியவரும். கடுமையாகக் கோபப்படுவார். கென்ஜி அழுதுகொண்டே பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். கடை முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் தன் மனைவியைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் பேசுகிறார், நான் மட்டும் ஏன் என்னோடு வாழ்கிறவரைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்று கேட்பார். அவ்வளவுதான் அந்தச் சண்டை. யாரும் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள்.

நான் இரண்டாவது முறை பார்த்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சப்டைட்டில் அவளுக்குப் படிக்க வராது. அதுவரை அவள் கவனம் முழுக்க ஷிரோ கத்தி பிடிக்கும் விதத்தில்தான் இருந்தது. "அந்தப் பையன் ஏன்டா அழறான்?" என்று கேட்டாள். அவர்கள் யார், என்ன சண்டை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தாள். அப்புறம், "கூட இருக்கறவனப் பத்திப் பேசக்கூடக் கூடாதுன்னா எப்படி?" என்றாள்.

கேட்டவரே, உங்கள் கேள்விக்கான பதில் அம்மா கேட்ட கேள்வியில் இருக்கிறது. இந்தத் தொடரில் காதல் கூடுமா கூடாதா என்ற பிரச்சினையே கிடையாது. அது ஏற்கெனவே கூடிவிட்டது. அதை எவ்வளவு தூரம் வீட்டுக் கதவுக்கு வெளியே கொண்டுபோக முடியும் என்பதுதான் முழுக் கதையும். ஷிரோவுக்குக் கென்ஜியோடு வெளியே சாப்பிடப் போவதே தயக்கம். இரண்டு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யார் என்ன நினைப்பார்களோ என்று தோள் விறைத்துவிடும். அதனால் வீட்டுச் சாப்பாட்டு மேசை அவர்களுக்கு வெறும் மேசை இல்லை, இருவரும் இருவராகவே இருக்க முடிகிற ஒரே இடம். அந்த மேசை முன்னால் கென்ஜி ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து ருசியைச் சொல்லும்போது, உச்சினோவின் குரலில் வருவது சாப்பாட்டைப் பற்றிய பாராட்டு மட்டுமில்லை. ஷிரோ அதை நேராக வாங்கிக்கொள்ளத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாய் சாப்பிடுவார். எனக்கு எந்த முத்தக் காட்சியைவிடவும் இது நெருக்கமாக இருக்கிறது.

தர்பூசணிக் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். முழுப் பழம் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் இரண்டு பேரால் தின்று தீர்க்க முடியாதே என்று ஷிரோ கடையில் தவித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் ஒரு குடும்பத்தலைவி, கயோகோ, அதே தவிப்பில் நிற்பார். பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று பேசி, வெட்டுவதற்காக இருவரும் கயோகோவின் வீட்டுக்குப் போவார்கள். உள்ளே போனபின்தான் அந்த அம்மாவுக்கு உறைக்கும்: முன்பின் தெரியாத ஆணை வீட்டுக்குள் விட்டிருக்கிறோம். பயந்து அலறுவார். தப்பான எண்ணம் இல்லை என்று எப்படி நிரூபிப்பது என்று தெரியாமல், ஆபீசில் இத்தனை வருடமாக ஒளித்து வைத்ததை ஷிரோ அங்கே உளறிவிடுவார். எனக்குப் பெண்களிடம் நாட்டமே கிடையாது, நான் ஓரினச் சேர்க்கையாளன் என்று.

அப்புறம் என்ன ஆகிறது? ஒன்றும் ஆகாது. கயோகோவின் கணவரும் மகளும் வந்து சேருவார்கள். கணவர், அப்படியா, எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் அப்படித்தான் என்பார். அன்றிலிருந்து அந்த வீடு ஷிரோவுக்கு இன்னொரு அடுக்களை ஆகிவிடும். மலிவாகக் கிடைத்த காய்களைப் பங்கு போடுவதும், சமையல் குறிப்பு கேட்பதும் தொடரும். வாழ்க்கையில் முதல்முறையாக, தான் யார் என்று தெரிந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கீரை விலையைப் பேசும் ஒரு தோழி அவருக்குக் கிடைக்கிறாள். அந்தக் கணவர் சொன்ன நண்பர்தான் பின்னால் வரும் கோஹினாதா. அவரும் அவருடைய துணைவர் வதாருவும் சேரும் இடங்கள் தொடரின் சிரிப்புப் பகுதிகள். வதாருவாக வரும் இசோமுரா ஹயாத்தோவின் முகச்சுளிப்புக்காகவே அவற்றைப் பார்க்கலாம்.

பெற்றோர் பகுதி இவ்வளவு லேசாகப் போகாது. ஷிரோவின் அப்பா அம்மாவுக்கு மகனைப் பற்றித் தெரியும். அம்மாவாகக் காஜி மேய்கோ. நீ ஓரினச் சேர்க்கையாளனாக இருந்தாலும் சரி, குற்றவாளியாக இருந்தாலும் சரி, நாங்கள் ஏற்றுக்கொள்வோம் என்ற அர்த்தத்தில் அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்வார். முழு அன்போடு சொல்வார். குற்றவாளி என்ற சொல்லை எங்கே கொண்டுவந்து சேர்த்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. நிஷிஜிமா அந்த இடத்தில் முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பார். கோபப்பட்டால் அன்பை உதறியது போல ஆகும், பேசாமல் இருந்தால் அந்தச் சொல்லை ஒத்துக்கொண்டது போல ஆகும். நல்ல மனசோடு காயப்படுத்துகிறவர்களை எதிர்கொள்ள முடியாத நிலையை இவ்வளவு சிறிய இடத்தில் காட்டிய தொடரை நான் வேறு பார்த்ததில்லை.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷிரோ வக்கீல். ஜப்பானில் ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ள இதுவரை வழி இல்லை. 2015இல் டோக்கியோவின் ஷிபுயா, செதகயா பகுதிகளும், 2022 நவம்பரில் டோக்கியோ மாநகரம் முழுவதும் துணைவர் என்று சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தன. ஆனால் அந்தச் சான்றிதழால் சொத்துரிமை வராது. 2021 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், திருமணத்தை மறுப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு பல நீதிமன்றங்களில் வழக்கு நடந்தும் சட்டம் மாறவில்லை.

இதன் நடைமுறை அர்த்தம் தொடரில் ஒரு சாப்பாட்டு மேசையில் வெளிப்படும். கென்ஜியின் நண்பர்களான ஒரு ஜோடி ஷிரோவிடம் யோசனை கேட்பார்கள். இருவரில் ஒருவர் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தவர். தான் செத்தால் தன் பணம் துணைவருக்குத்தான் போக வேண்டும், தன்னைப் பெற்றவர்களுக்கு ஒரு காசுகூடப் போகக் கூடாது என்பார். உயில் எழுதினால் போதாதா என்று நமக்குத் தோன்றும். போதாது. பிள்ளை இல்லாமல் இறந்தவரின் பெற்றோருக்கு, உயிலில் என்ன எழுதியிருந்தாலும், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்கும் உரிமை ஜப்பானியச் சட்டத்தில் உண்டு. அதனால் அங்கே பல ஜோடிகள் ஒரு சுற்றுவழியைப் பிடிக்கிறார்கள். மூத்தவர் இளையவரைத் தத்தெடுத்துக்கொள்கிறார். வயது வந்தவரைத் தத்தெடுப்பது அங்கே எளிது, எடுப்பவர் ஒரு நாளாவது மூத்தவராக இருந்தால் போதும். தத்துப்பிள்ளை வந்துவிட்டால் பெற்றோருக்கு வாரிசுரிமை இல்லை. கணவன் என்று எழுத முடியாத இடத்தில் மகன் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இந்தப் பேச்சு பெரிய வசனம் எதுவும் இல்லாமல் நடக்கும். வருகிறவர்களுக்கு என்ன சமைக்கலாம் என்ற யோசனையும் சட்ட யோசனையும் ஒரே தட்டில் வந்து உட்காரும். அந்த இரவுக்குப் பிறகு ஷிரோவின் 25,000 யென் கணக்கு உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

குறைகளும் உண்டு. ஆபீஸ் பெண்கள் வரும் சில காட்சிகள் வெறும் நிரப்பல். வதாருவின் அடம் ஒரு அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. டோக்கியோவில் நல்ல வேலையும் சொந்த அடுக்களையும் உள்ளவர்களின் கதை இது என்பதையும் மறுக்க முடியாது. உடல் நெருக்கத்தை இவ்வளவு ஒதுக்கியிருக்க வேண்டாம் என்பவர்களோடும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. எல்லாரும் பார்க்கும் சேனலுக்காகக் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கிறார்கள் என்று எனக்கும் சில இடங்களில் பட்டது.

ஆனால் கென்ஜி தனியாக இருக்கும் இரவைப் பாருங்கள். ஷிரோ பெற்றோர் வீட்டுக்குப் போயிருப்பார். கென்ஜி மிசோ ராமென் என்ற உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, காய்கறி, முட்டை என்று தன் இஷ்டத்துக்குச் சேர்த்துச் செய்வார். ஷிரோ இருந்தால் உப்புக் கணக்கு பார்த்திருப்பார். அந்தச் சுதந்திரமும், எதிரே காலியாக இருக்கும் நாற்காலியும் ஒரே காட்சியில் இருக்கும். பிரிவைக் காட்ட மழையும் ரயில் நிலையமும் வேண்டாம், ஒரு ராமென் பாக்கெட் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பருவம் முடியும் தறுவாயில் ஷிரோ கென்ஜியைப் புத்தாண்டுக்குப் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துப் போவார். ஜப்பானில் புத்தாண்டு குடும்பம் கூடும் நாள், மருமகளோ மருமகனோ போய் உட்காரும் நாள். திரும்பி வரும் வழியில் கென்ஜி, காதலரின் வீட்டில் அவருடைய அப்பா அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள் தனக்கு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை, இப்படியே செத்தாலும் பரவாயில்லை என்று அழுவார். ஷிரோவின் பதிலில் ஆறுதல் வார்த்தை ஒன்றும் இருக்காது. சாவைப் பற்றியெல்லாம் பேசாதே, எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்து, உப்பைக் குறைத்து, நாம் ரொம்ப நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்பார். பன்னிரண்டு பகுதிகளாகப் போட்ட கணக்கெல்லாம் யாருக்காக என்று அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறார்.

இதே சாயலில் வேறென்ன பார்க்கலாம் என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதே டிவி டோக்கியோவில் 2020 இறுதியில் வந்த 'செர்ரி மேஜிக்' உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். முப்பது வயதுவரை யாரோடும் சேராத ஆபீஸ்காரருக்குத் தொட்டால் மனசைப் படிக்கும் சக்தி வந்துவிடும். லிஃப்ட் கூட்டத்தில் தோள் இடித்ததும், ஆபீசிலேயே எல்லாருக்கும் பிடித்த குரோசாவா தன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். அகாசோ ஈஜியும் மச்சிதா கெய்தாவும் நடித்தது. நீங்கள் தேடும் தயக்கம், படபடப்பு எல்லாம் அதில் தாராளமாக இருக்கும். ஆனால் அது சேரும்வரை உள்ள கதை. ஷிரோ, கென்ஜியின் கதை சேர்ந்த பிறகு நடப்பது.

பார்க்கும் வரிசை: 2019 முதல் பருவம், 2020 ஜனவரி 1 அன்று வந்த புத்தாண்டுச் சிறப்புப் பகுதி, 2021 நவம்பரில் வந்த திரைப்படம், அப்புறம் 2023 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் பருவம். படத்தை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். அதில் ஷிரோ வழக்கத்துக்கு மாறாகச் செலவு செய்து கென்ஜியைக் கியோட்டோவுக்குக் கூட்டிப்போவார். இவ்வளவு அன்பாக இருக்கிறாரே, ஏதாவது பெரிய வியாதியா, இல்லை என்னை விட்டுப் போகப்போகிறாரா என்று கென்ஜி நடுங்கிப்போவார். காரணம் அந்தப் புத்தாண்டு விருந்தில்தான் இருக்கிறது. இனி கென்ஜியை வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம் என்று பெற்றோர் கேட்டிருப்பார்கள். அதைச் சொல்லத்தான் ஷிரோவுக்குக் கியோட்டோவரை போக வேண்டியிருந்தது.